பகாசுரனின் பெயர்ப்பலகை

பிரிட்ஜ் ரிப்பேரில் அவர் கெட்டிக்காரர்தான். கம்ப்ரஸர் போடும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். விதி, மனைவியின் தம்பி உருவத்தில் கடைக்கு வந்தது. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவன். எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது.

கடைப் பலகையில் ஒட்டியிருந்த போன் நம்பரைக் கண்டதும் அவன் வாயைப் பிளந்தான். 73939133.

"மாமா, இது பகா எண். ஒண்ணாலயும் இதாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது."

"அதனால என்ன மாப்ள?"

"கடைசி இலக்கத்த எடுத்துடுங்க, மிச்சமும் பகா எண். அடுத்ததையும் எடுங்க, அதுவும் அப்படித்தான். ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் இதே கதை. இந்தக் குணம் உள்ளதுலயே பெரிய எண் இதுதான். இதுக்கு மேல ஒண்ணு கிடையவே கிடையாது!"

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவரைக் கைவிட்ட கணக்கு, இப்போது கடை தேடி வந்து மாலை போடுகிறது; விடலாமா? ஐஸ் கட்டவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் முதலில் எண்ணின் மகிமை, பிறகுதான் ஐஸ். தெரு அவருக்குப் 'பகாசுரன்' என்று பட்டம் சூட்டியது. அதையும் பாராட்டு என்றே வாங்கிக்கொண்டார்.

ஒரு மழைக்காற்றில் பலகையின் கடைசி இலக்கமான 3 பெயர்ந்து விழுந்தது. வேறொருவராக இருந்தால் பசை வாங்கப் போயிருப்பார். இவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, இப்பவும் பகா எண்தான்!"

"எடுத்து ஒட்டுங்க."

"எதுக்கு? அதோட குணம் கெடலையே."

குணம் கெடாமலே அடுத்தடுத்து இன்னும் இரண்டு விழுந்தன. 73939 மிஞ்சியது. பகா எண்ணாகவே மிஞ்சியது, போன்தான் ஊமையாகிவிட்டது. "ஊர்ல இப்ப யார் வீட்டுலயும் பிரிட்ஜ் கெடறதில்ல போல" என்று கம்பெனிக்காரர்களின் தரத்தை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடை மாடியில் துணி தைக்கும் மனைவிக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஏணி போட்டு ஏறினாள். இருந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தன் நம்பரை ஒட்டினாள்.

திரும்பி வந்தவர் அலறினார். "என்ன காரியம் பண்ணிட்ட! பூஜ்யத்துல முடியுதே! ரெண்டாலயும் வகுபடும், அஞ்சாலயும் வகுபடும்!"

"வகுபட்டுப் போகட்டுங்க. போன் அடிக்கும்."

அடித்தது. அவள் தையல் மிஷினை நிறுத்தாமலே விலாசம் கேட்டுச் சொல்ல, அவர் ஸ்பேனர் பெட்டியுடன் கிளம்பினார். பகா எண்ணுக்கு நேர்ந்த அநியாயம் வழியெல்லாம் மனசில் புகைந்தது.

கதவைத் திறந்த பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போன்ல பேசினாங்களே, அந்த மெக்கானிக்கம்மா வரலையா?"

"அவங்க கொஞ்சம் பிஸி" என்றார் இவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.