இடப்பக்கக் கட்டு

அமீரகத்தின் அல் ஐனில் ஒரு ஜப்பான் கம்பெனிக்குக் கார் ஓட்டிய கீழக்கரை சதக்கத்துல்லா, பதினோரு வருடத்தில் பாதி ஜப்பானியராகவே ஆகிப்போனார். அவர் குனிந்து வணக்கம் வைத்தால் தரையில் கிடக்கும் குண்டூசியின் ஊர் பேர் தெரியும். நிமிர்வதற்குள் இரண்டு சிக்னல் விழுந்துவிடும். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்குவார். சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்கமாட்டார். அது அவர்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படைக்கும் விதமாம்.

இத்தனை பாடமும் ஒரு விசாவுக்காக. ப்ராஜெக்ட் முடிந்து எல்லோருக்கும் விசா கேன்சல். ஒரே ஒரு டிரைவரை மட்டும் வைத்துக்கொள்வேன் என்றிருந்தார் மேனேஜர் தகாதா. மிச்சமிருந்தது இரண்டு பேர், இவரும் சிவகங்கை அருள்ராஜும். சதக்கத்துல்லாவின் மகள் ஹிஃப்ஸா அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு. விசா போனால், பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில் அவளும் பெட்டி கட்ட வேண்டும்.

அந்த வாரம் தகாதாவின் தாயார் வந்தார். கணவரை இழந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அவரை வரவேற்க வில்லாவில் விருந்து; டிரைவர்களுக்கும் யுகாதா என்ற நீள அங்கி கொடுத்தார்கள். பொத்தான் கிடையாது. ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கத்தை மடித்து இடுப்பில் கட்ட வேண்டியது.

"கைலி மாதிரிதான் பாய்," என்றான் அருள்ராஜ். "ஆனா நீங்க இடப்பக்கம் சொருகுற ஆளு, நான் வலப்பக்கம். ஜப்பான்காரன் எந்தக் கட்சியோ."

"எங்க வாப்பா கட்டுன கட்டுடா இது. நாப்பது வருசத்துல ஒருநா அவுந்ததில்ல. ஒன்னுது மாதிரியா, பஸ் ஏறையில கண்டக்டர் கையோட போறதுக்கு?"

சதக்கத்துல்லா வலது மடிப்பை மேலே கொண்டுவந்து இடப்பக்கம் இறுக்கிக்கொண்டு, தேநீர்த் தட்டோடு அந்த அம்மாள் முன் குனிந்தார். அந்த அம்மாள் அவர் மார்பையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் புன்னகைத்தபடி நின்றார்கள்.

"என்னியக் கண்டதும் அந்தம்மாவுக்கு மனசு எளகிருச்சு," என்று வீட்டில் மகளிடம் விருந்தில் எடுத்த போட்டோவைக் காட்டினார்.

ஹிஃப்ஸா செல்போனில் எதையோ தேடிப் படித்தாள். "வாப்பா, ரைட் சைடு மேல வரக்கூடாது. அது மய்யித்துக்கு உடுத்துறது."

சவப்பெட்டிக்குள் வைப்பதற்கு முன் தன் கணவருக்கு அந்த அம்மாள் கடைசியாக உடுத்திப் பார்த்த கட்டு. அருள்ராஜ் கட்டியிருந்ததுதான், அவனுக்கே தெரியாமல், உயிரோடிருப்பவர்களின் கட்டு.

விடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினார். தகாதா கோபிக்கவில்லை. வாசல்வரை வந்து இவரைவிடத் தாழக் குனிந்தார். விசாவைப் பற்றிக் கேட்டபோது, "யோசித்துப் பார்க்கிறேன்" என்றார்.

வெளியே அருள்ராஜ் கார் கழுவிக்கொண்டிருந்தான்.

"யோசிக்கிறேன்னுட்டாருடா."

அருள்ராஜ் குழாயை மூடினான். "பாய், அவங்க முடியாதுன்னு வாயால சொல்லமாட்டாங்க. இப்பிடித்தான் சொல்லுவாங்க. நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

சதக்கத்துல்லா சட்டைப்பையிலிருந்த கார் சாவியை எடுத்தார். பழக்கம் விடவில்லை; இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.