வரைபலகைக்கு ஒரு விதி

என் கணவர் போடியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். ஜாக்கெட்டில் ஆரி எம்பிராய்டரி வேலைக்கான பூ, கொடி, மயிலையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து அச்செடுத்துக்கொள்வார். பேனாவால் கோடு போட்டால் திரையில் விழுகிற பழைய வரைபலகை ஒன்று அதற்கு இருக்கிறது.

இப்போது வரும் பலகைகளை யுஎஸ்பியில் செருகினால் எங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் தானே கண்டுகொள்ளும். இதுவோ சீரியல் போர்ட் என்ற பழைய வகைத் துளையில் வயரால் செருகுவது. மறுமுனையில் இருப்பது என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் ஒரு வரிக் கட்டளை அடித்து அதற்குச் சொல்ல வேண்டும். காலையில் அதை அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஜீப்பு ஏறுவேன். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை.

மழைக்காலத்தில் பகலில் கரண்டு போய்ப் போய் வந்தது. ஒரு நாள் மாலை வீடு திரும்பியபோது அவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு மணிக்கே பேனா செத்துப்போச்சு. நீ எழுதிக் குடுத்தத அடிச்சுப் பாத்தேன், கேக்கல. கல்யாண ஜாக்கெட்டு அப்படியே கெடக்கு."

அவர் அடித்ததைப் பார்த்தேன். ஒரு இடைவெளி விட்டுப்போயிருந்தது.

"ஞாயித்துக்கெழம சரிபண்றேங்க. இனிமே நீங்க எதுவும் அடிக்க வேணாம்" என்றேன்.

ஞாயிறு காலை உட்கார்ந்தேன். சீரியல் போர்ட் தயாரானதும் அந்தக் கட்டளையை ஓட்டு என்று ஒரு விதி எழுதினேன். பேனா சற்று நேரம் ஓடி நின்றுவிட்டது. இணையத்தில் படித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: விதியிலிருந்து நேரே கிளப்பும் நிரலை வெகுநேரம் ஓட விடமாட்டார்களாம், அமைப்பே நிறுத்திவிடும். ஆகவே கட்டளையைப் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் தனிச் சேவையாக எழுதி, அந்தச் சேவையைத் தொடங்கச் சொல்வதை மட்டும் விதியில் வைத்தேன். கம்ப்யூட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டேன். நான்கு முறையும் கோடு விழுந்தது. அவர் குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து, ஒரு இலை வரைந்து பார்த்தார்.

திங்கட்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. மறுபடி பேனா நின்றுவிட்டதோ என்று எடுத்தேன்.

"கரண்டு போச்சாங்க?"

"ரெண்டு தடவ போச்சு."

"பேனா?"

"அது பாட்டுக்கு எழுதுது. அத விடு, முதுகுல மயில் போடுறேன். கழுத்த எந்தப் பக்கம் திருப்ப?"

இடது பக்கம் என்றேன். மனம் நிறைந்து சாப்பிடப் போனேன்.