எனக்கு இயர் பிளக் தேர்ந்தெடுத்தவன்

துப்பாக்கி சுடும் இடத்தில் காதுக்கு எதை வைத்துக்கொள்வது என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் அரை மணி நேரம் பேச முடியும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. என்.சி.சி. முகாமில் முதன்முதலாக ரைஃபிளைப் பிடித்துப் படுத்தபோது மற்ற பையன்கள் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டார்கள். நான் திணிக்கவில்லை. "நான் தறி வூட்டுப் பையன்பா, சத்தம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அதை நான் நம்பினேன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுவதும் தறிதான். அப்பா நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். இன்னொரு தறியில் சித்தப்பா. மூன்று பேரும் வேலையில் இறங்கிவிட்டால் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. கத்தினாலும் பயனில்லை என்பதால் உதட்டை மட்டும் அசைப்போம். இழை அறுந்தது, தண்ணீர் வேண்டும், வாசலில் ஆள் நிற்கிறது, எல்லாமே உதட்டில்தான். பால் குடிக்கிற வயதிலிருந்தே அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். அப்பாவின் உள்ளங்கை காய்த்துப்போனதுபோல எங்கள் காதும் காய்த்துப் பழகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பா போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். அது அவர் சுபாவம் என்று விட்டுவிட்டோம்.

முகாம் முடிந்து வந்தபிறகு என் இடது காதில் ஒரு விசில் சத்தம் தொடங்கியது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் துப்பாக்கிக் குழாய்ப் பக்கம் இருக்கும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. கொசு என்று நினைத்து முதலில் விளக்கைப் போட்டுத் தேடினேன். பிறகு பயம் வந்தது. வீட்டில் சொன்னால் துப்பாக்கியைத் தொடாதே என்பார்கள். பயிற்சியாளரிடம் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார். ஒருவனிடம் மட்டும் சொன்னேன்.

அவன் என் வகுப்புத் தோழன். கூரம் பக்கம் விவசாயக் குடும்பம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், அவன் பெரியப்பாவிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருந்தது. என் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் முதல் ஆள். அதனால் கல்லூரி, விண்ணப்பம், கிளப், போட்டி விதி என்று எதில் தடுமாறினாலும் அவனிடம்தான் போய் நிற்பேன். ஊருக்கு வெளியே இருந்த ரைஃபிள் கிளப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். ஞாயிறு காலையில் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். அம்மா அவனை இட்லி சாப்பிடாமல் விடமாட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத மச்சி" என்றேன்.

"என் வாயிலேர்ந்து வராதுடா" என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளே கல்லூரி எதிரில் இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்து போனைத் திறந்தான்.

"காதுக்கு மேல மூடி மாட்டற மஃப் வேணாம். படுத்து சுடும்போது கன்னம் ரைஃபிள் கட்டையில பதியணும் இல்ல, அது இடிச்சிக்கினே இருக்கும். காதுக்குள்ள வெக்கறதுதான் கரெக்ட்."

உள்ளே வைப்பதிலேயே பல வகை இருந்தது. உருட்டிச் செருகினால் உள்ளே போய் உப்பிக்கொள்ளும் ஃபோம். குடைபோல மூன்று அடுக்கு வைத்த ரப்பர். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை வைத்து நூலில் கோத்த ஒன்று. பேட்டரியில் ஓடும் விலை கூடியது ஒன்று.

"இந்த ஓட்டை வெச்சது இன்னாடா?"

"ஃபில்டர். பேச்சு உள்ள வரும், டமார்னு வர்றத மட்டும் புடிச்சிக்கும்."

"அப்போ இது நல்லா இருக்குதே."

"அதெல்லாம் கச்சேரியில வாசிக்கறவனுக்கு மச்சி. உனக்கு ஏற்கெனவே காது விசில் அடிச்சிக்கினு இருக்குது. எது சத்தத்த ரொம்ப கொறைக்குதோ அத போடு. இத பாரு, ஃபோம். சத்தம் கொறைக்கற நம்பர் இதுக்குதான் பெருசு."

நான் மார்க்கைப் பார்த்தே வளர்ந்தவன். பெரிய எண் என்றால் நல்லது என்பதற்கு மேல் எனக்குக் கேள்வி எழவில்லை. பார்சல் வந்ததும் அவனே பிரித்து, விரல்நுனியில் வத்திபோல மெல்லிசாக உருட்டி, என் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகினான். உப்பும்வரை விரலை எடுக்கவில்லை. "இப்போ பேசு. பானைக்குள்ள பேசற மாதிரி கேக்குதா?" என்று அவன் கேட்டது ஏதோ தொலைவிலிருந்து வந்தது. தலையாட்டினேன். அம்மாவுக்குப் பிறகு என் காதைப் பிடித்துப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

அந்த ஃபோம் வந்தபிறகு நான் நன்றாகச் சுட ஆரம்பித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். குளத்தில் முங்கியதுபோல ஓர் அமைதி. என் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் மட்டும் கேட்கும். இரண்டு துடிப்புக்கு நடுவில் விசையை அழுத்தக் கற்றுக்கொண்டேன். மாநிலப் போட்டிக்கு அணி எடுக்கும் நேரம் வந்தபோது மற்ற இடங்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. மிச்சமிருந்த ஓரிடம் எனக்கு அல்லது அவனுக்கு. பயிற்சியில் நான் கொஞ்சம் முன்னால் இருந்தேன். வண்டியில் போகும்போது, "எவன் போனாலும் நம்ம வண்டிதான்டா போவுது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

தேர்வு நாளன்று பக்கத்துப் பக்கத்து லேனில் படுத்திருந்தோம். தகரக் கூரைக்குக் கீழே நாங்கள், எதிரே திறந்தவெளி, இலக்குகளுக்குப் பின்னால் மண்மேடு. என் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் விழுந்துகொண்டிருந்தன. இன்றைக்கு இடம் எனக்குத்தான் என்று தெரிந்தது. அடுத்த குண்டைப் போட்டேன், மூச்சை விட்டேன், அழுத்தினேன்.

முதுகை யாரோ முட்டியால் அழுத்தினார்கள். என் கையிலிருந்த ரைஃபிளின் போல்ட்டைப் பயிற்சியாளரே பின்னால் இழுத்தார். நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் எல்லோரும் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்மேட்டின் ஓரத்தில் ஆடுகள். அவற்றுக்குப் பின்னால் கையில் கம்போடு ஓர் அம்மா, போவதா நிற்பதா என்று தெரியாமல் குனிந்திருந்தார்.

பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஸ்டாப்னு கத்தினது காதுல விழல? மூணு வாட்டி கத்தினேன்" என்றார் பயிற்சியாளர். பட்டாளத்தில் இருந்து வந்தவர், சத்தம் போட்டே பழகியவர். அன்றைக்கு அவர் குரல் தாழ்ந்திருந்ததுதான் எனக்குப் பயம் தந்தது. "போய் பின்னாடி உக்காரு."

என் குண்டு இலக்கில்தான் பட்டிருந்தது. அந்த அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மறுபடி சுட ஆரம்பித்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோமை உருட்டித் திரும்பச் செருகிக்கொண்டேன்.

அவன் தன் குண்டுகளை முடித்துவிட்டு எழுந்து பயிற்சியாளரிடம் போனான். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் என் பக்கம் முகம் தெரியும்படி நின்றே பேசினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் தறியில் பேசுவதைப் பார்க்கிற கண்ணுக்கு அவன் உதடு மிகவும் எளிது. எல்லா வார்த்தையும் பிடிபடவில்லை. 'தறி வூட்டுப் பையன் சார்' பிடிபட்டது. 'லெஃப்ட் காது' பிடிபட்டது. 'டேஞ்சர்' என்று இரண்டு முறை சொன்னான்.

தப்பாகப் பார்த்திருப்பேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதே பயிற்சியாளர் வந்து பிளக்கை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"லெஃப்ட் காதுல விசில் அடிக்குதாமே. எத்தன நாளா?"

அதற்கு மேல் தேற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. அது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"இத மறைச்சிக்கினுதான் ரைஃபிள் எடுத்தியா? ரிப்போர்ட் இல்லாம இனிமே இங்க வராத" என்றார். அந்த ஓரிடம் அவனுக்குப் போயிற்று.

திரும்பிப் போக எனக்கு அவன் வண்டியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தேன். வயல் தாண்டியதும் கேட்டேன்.

"சார்கிட்ட இன்னா சொன்ன?"

"எப்போ? ஒண்ணும் இல்ல மச்சி. ஸ்கோர் கேட்டேன்."

"தறி வூட்டுப் பையன்னு சொன்ன. லெஃப்ட் காதுன்னு சொன்ன."

வண்டி மெதுவாகிற்று. "உனக்கு எப்பிடிடா கேட்டுது?"

"கேக்கல. பாத்தேன்."

கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னான்: "சரி, சொன்னேன். நீ சொன்னதத்தான சொன்னேன், இல்லாதத சொல்லலியே. அந்த அம்மா மேல பட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"டேஞ்சர்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல? எத்தன மாசமா உனக்குத் தெரியும்? இன்னிக்கித்தான் தோணிச்சா?"

அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலர் மேல் ஒரு மெல்லிய நூல் கிடந்தது. அதன் இரு முனைகளும் சட்டைக்குள் தொங்கின. ஒன்றைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஊசிமுனை ஓட்டை வைத்தது.

"கச்சேரியில வாசிக்கறவனுக்குன்னு சொன்னியே."

"டேய், வண்டி ஓட்டிக்கினு இருக்கேன். போன வாரம்தான் வந்துது. சும்மா ட்ரை பண்ணலாம்னு."

"எப்பிடி இருக்குது?"

சொல்லத் தயங்கினான். பிறகு, "நல்லா இருக்குது" என்றான்.

"எறங்கிக்கறேன்" என்றேன். வேண்டாம் மச்சி, வேண்டாம் மச்சி என்றுகொண்டே நிறுத்தினான். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அவன் வரவில்லையா என்று அம்மா கேட்டார், உதட்டால்தான். வேலை இருக்கிறதாம் என்று நானும் உதட்டால் சொன்னேன். பொய் சொல்ல அது வசதியாக இருந்தது, குரல் உடையாது.

எனக்கு எதுவும் கேட்காமல் போகட்டும் என்றா அவன் ஃபோமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான்? இதை மாதக்கணக்கில் யோசித்துவிட்டேன். இல்லை என்றே நினைக்கிறேன். அன்று ஜூஸ் கடையில் அவன் அக்கறை உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேறு பிளக் வந்து, அதில் பேச்சு நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தபிறகு ஒரு வாரம் முழுக்க என்னிடம் சொல்லவில்லை. நான் நீருக்குள் இருப்பதுபோலப் படுத்துச் சுடுவதைப் பக்கத்து லேனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லிக் கெடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்ததுதான் எனக்குப் பெரிய தொல்லை.

காதைப் பரிசோதிக்கப் போனபோது அப்பாவும் கூட வந்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பேச்சு இரண்டு காதிலும் நன்றாகவே கேட்கிறது, இடது காதில் கீச்சென்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன என்றார் பரிசோதித்த பெண். "தறிச் சத்தத்துல காய்ச்சிப்போன காதுமா" என்றார் அப்பா.

"காது காய்க்காதுங்க. போனா போனதுதான். ஆனா அதுக்குன்னு எல்லாத்தையும் அடைச்சிக்கக் கூடாது. வெடிச் சத்தம் தேவையான அளவு கொறையணும், ஆள் பேசறது வரணும். அந்த மாதிரி பாருங்க" என்றார். அப்படியே அப்பா பக்கம் திரும்பி, "நீங்களும் ஒருவாட்டி உக்காருங்களேன்" என்றார்.

"எனக்கு இன்னாத்துக்குமா, நல்லாத்தான கேக்குது" என்றார் அப்பா. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த முறை நானே தேர்ந்தெடுத்தேன். எண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஓட்டை வைத்ததையே மூன்று அளவிலும் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், என் இடது காதுத் துளை வலதைவிடச் சிறியது என்று தெரிந்தது. ஒரு காதுக்குச் சின்னது, மற்றதுக்கு நடுத்தரம். தாடையை அசைத்தாலும் கன்னத்தைக் கட்டையில் பதித்தாலும் நழுவாததுதான் சரியான அளவு. பக்கத்தில் பெரிய பிஸ்டல் சுடுகிறவர்கள் இருந்தால் இது போதாது, அப்போது ஃபோமை மாட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட வேண்டும்.

ரிப்போர்ட்டோடு போனேன். பயிற்சியாளர் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பிளக்கோடு, மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஸ்டாப் சொன்னார். கையைத் தூக்கினேன். தள்ளிப் போய், குரலைக் குறைத்துச் சொன்னார். தூக்கினேன். அதற்குள் அணி போட்டிக்குப் போய்த் திரும்பியும் ஆயிற்று. அவனுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்த இடத்தில் நான் எப்படிச் சுட்டிருப்பேன் என்பது தெரியாமலே போயிற்று.

"அவன் சொன்னது பொய்யா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"இல்ல சார். எல்லாம் நெஜம்."

"அப்புறம் இன்னாத்துக்கு அவன்கிட்ட பேசறதில்ல?"

நான் குனிந்து ரைஃபிளை எடுத்தேன். லேனுக்குப் போகச் சொன்னார். போய்ப் படுத்தேன். பக்கத்து லேனில் அவன்தான். பாயைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்:

"மச்சி, புதுசு நல்லா இருக்குதா? பேசறது கேக்குதா?"

நன்றாகக் கேட்டது. அவன் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது.

"கேக்குதுப்பா" என்றேன். கடைக்காரரிடமும் கண்டக்டரிடமும் சொல்கிற அந்தப் 'பா'. மச்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. அவன் திரும்பி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து குண்டை எடுத்தான்.