கிடாருக்குள் போன கதவு ஆப்பு

சுரத்தை வளைக்கும் கைப்பிடி அசையவே இல்லையே என்று கிடாரின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே செருகியிருந்த ஆப்பிலிருந்து வேப்பங்கட்டை வாசனை மெல்ல எழுந்தது. கூடவே எங்கள் பழைய செங்கம் ரோட்டு வீடும், மலைக்காற்றில் அடித்துக்கொள்ளும் வாசல் கதவும் நினைவில் வந்துவிட்டன.

மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போன கிடார் இது. கல்லூரி விழாவன்று காலை ஒரு கம்பி அறுந்தது. வேறு கம்பி இல்லை. கம்பிகளைத் தாங்கும் பாலம் ஸ்பிரிங்கில் மிதப்பதால், மிச்ச ஐந்தில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைந்தது. அக்கா அழுதேவிட்டாள்.

"பாலம் ஆடாம இருந்தா போதும்பா. அஞ்சு கம்பிலயே வாசிச்சிடுவேன்."

"கோயில் ஊர்ல இதெல்லாம் தேவையா" என்று தினமும் முணுமுணுக்கும் அப்பா, வாசல் கதவு அடிக்காமலிருக்கச் செருகியிருந்த ஆப்பை உருவி அரிவாள்மணையில் சீவினார்.

"காய் நறுக்குறதுல கட்டையாங்க?" என்றாள் அம்மா.

பின்மூடியைக் கழற்றி, ஆப்பைப் பாலத்தின் அடியில் இறுக்கிச் செருகினார். பாலம் நின்றது. அக்கா சுருதி கூட்டி, அங்கேயே கண்ணை மூடி வாசித்துப் பார்த்தாள். காற்று பலமாக வீசியும் கதவு அடிக்கவில்லையே என்று திரும்பினேன். பாட்டு முடியும்வரை அப்பா கதவைக் காலால் அணைத்தபடி நின்றிருந்தார்.

ஆப்பை எடுத்தால் கைப்பிடி வேலை செய்யும். மூடியை மறுபடி முடுக்கிவிட்டேன்.