உம்மா அதட்டிய குருவி

சிங்கப்பூரின் தெம்பனிஸில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் தொங்கிய கூண்டிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. வெள்ளிக்காதுக் குருவி. மஞ்சள் மார்பும் கன்னத்தில் வெள்ளிப் பொட்டுமாக, மலைக்காட்டுப் பறவை.

எனக்கு ஒன்பது வயதானபோது வாப்பா இதே போல ஒன்று வாங்கி வந்தார். மூன்று வாரமாகியும் அது வாயே திறக்கவில்லை. எச்சத்தைத் துடைத்துச் சலித்த உம்மா, "இது இருக்கணுமா, நான் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு பறவைப் பாட்டுப் போட்டி; மற்றவை பாடுவதைக் கேட்டால் இதுவும் பாடும் என்று வாப்பா பெயர் கொடுத்திருந்தார். தேக்கா துணிக்கடையில் வாப்பாவுக்குத் திடீர் வேலை. அவர் கெஞ்சியதால் உம்மா முணுமுணுத்துக்கொண்டே கூண்டைத் தூக்கினார். நானும் கூடப் போனேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே சேலை கட்டியவர் உம்மா ஒருவர்தான். மற்ற குருவிகள் பாட, எங்களுடையது முடங்கிக் கிடந்தது. உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வேளை பப்பாளி திங்கத் தெரியுது, பாடத் தெரியாதா? மானத்த வாங்காத!"

குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு பாடியது பாருங்கள், பக்கத்துக் கூண்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

பரிசு கிடைக்கவில்லை. "ஜட்ஜுக்குக் காது சரியில்ல லா," என்று உம்மா வாப்பாவிடம் அன்று முழுக்கப் பொருமினார். மறுநாளிலிருந்து பப்பாளி நறுக்குவதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது உம்மாவைக் கைப்பேசியில் அழைத்து, அதைக் கூண்டருகே நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"பரவால்ல, பாடுது. ஆனா நம்ம புள்ள அளவுக்கு இல்ல."