சுத்தியலுக்கு வழுக்கிய தோட்டா

எட்டாவது வரைதான் படித்தவன் நான். என்னைப் போன்றவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமோ என்று தயக்கமாக இருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெயில்கால மதியம். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பித்தளை, செம்பு பிரித்து எடை போடுவது என் வேலை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஓட்டைப் பித்தளைக் குடத்தைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். குடத்துக்குள் விரல் நீளத்தில் ஆறு பித்தளைக் குழல்கள். மாமனார் பெட்டியில் கிடந்தவை, என்னவென்று தெரியாது என்றார். ஏதோ மோட்டார் சாமான் என்று நினைத்தேன்.

உள்ளே குடைவான எதையும் நசுக்காமல் நாங்கள் தராசில் வைப்பதில்லை. எடை கூட்ட உள்ளே மண் அடைத்து வருவார்கள். இந்தக் குழல்களின் வாயும் மெழுகால் அடைத்திருந்தது, கையில் கனத்தது. யாரையும் அதட்டிப் பழக்கமில்லாத நான் அன்று அதட்டினேன்.

"ஏம்மா, மண்ண அடச்சிகினு வந்து எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றைப் பட்டறைக் கல்லில் வாய் கீழாக நிறுத்திச் சுத்தியலால் அடித்தேன். அடி ஓரத்தில் பட்டு, குழல் தெறித்து இரும்புக் குவியலுக்குள் விழுந்தது. அடுத்ததை எடுத்து வைத்தேன்.

பக்கத்து பேங்கில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர் பழைய ஃபேன் விற்க வந்திருந்தார். அவர்தான் குரல் கொடுத்தார்.

"யோவ், சுத்தியக் கீழ வை. மெதுவா வை. அது தோட்டாய்யா."

ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். அடிப்பாகத்தின் நடுவில் பொட்டு போல ஒரு சின்ன வட்டம். அது குழிந்திருந்தால் வெடித்து முடிந்தது, குழியாமல் இருந்தால் உயிரோடு இருக்கிறது என்றார். கையில் இருந்த ஐந்தில் ஒன்றுகூடக் குழியவில்லை. சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து; வெள்ளைக்காரன் காலத்துச் சரக்காம். என்ன விலை போகும் என்று எங்கள் முதலாளி கேட்டார்.

"காலிக் குப்பியா இருந்தா ஆசையா வாங்கறவங்க இருக்காங்க. வெடிமருந்தோட இருக்கறதுக்கு இன்னா வெலன்றீங்க, உங்க உசுரா?"

அப்போதுதான் தெறித்துப்போன குழல் நினைவுக்கு வந்தது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில்தான் ஒருவர் கேஸ் வைத்து இரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். கையையும் ஆட்டினேன். தீப்பொறி நின்ற பிறகு எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கம்பியும் தகடுமாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண் போகவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவரும் தேடிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும்.

"அண்ணா, இதானுங்களா பாருங்க."

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தார். நடுப்பொட்டுக்கு நகக்கண் அளவு தள்ளி என் அடி பதிந்திருந்தது.

போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமோ என்று அவர் பயந்தார். தானாக ஒப்படைத்தால் பயமில்லை என்று பேங்க் காவல்காரர் தைரியம் சொன்னார். ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். நசுக்கப் பார்த்தவன் நான்தான் என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை. வெடிக்காமல் போன அந்த அடியைவிட, அவரைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் வெடிபொருள் பிரிவு ஆட்கள் ஸ்டேஷனுக்கு வந்து, ஆறையும் மணல் வாளியில் வைத்து எடுத்துப் போனார்கள்.