இறங்கிப் பார்க்கிற டிரைவர்

அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாளை நான்காகக் கிழித்து, வேன் சீட்டுகளில் ஒவ்வொன்றாக விரிக்கிறார் சோலைமலை. நேற்று மாலை சீட்டில் ஒட்டிய அலுமினியத் தூள், இன்று துவைத்துக் கட்டிய சேலையில் ஏறக்கூடாது. பதினெட்டுத் தாள், பதினெட்டுப் பெண்கள். சாத்தூர்ப் பக்கத்து மூன்று கிராமங்களிலிருந்து சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்கு. கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸான நானும் அதே வேனில் முன் சீட்டில் போகிறவள். எனக்குத் தாள் கிடையாது. "ஒங்க மேல டெட்டாலுதான மணக்குது நர்சம்மா" என்பார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஹார்ன் அடிக்கப் பிடிக்காது. ஊருக்குள் வந்ததும் கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே ஓட்டுவார். கோழிகூட அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கும்.

வண்டியைப் பின்னால் எடுக்குமுன் இறங்கிவிடுவார். சுற்றி வந்து, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். "அண்ணே, அங்கன ஒண்ணும் பொதையல் கெடக்கல, ஏறுங்க!" என்று வேனுக்குள்ளிருந்து முத்துப்பேச்சி தினமும் கத்துவாள். வேனே சிரிக்கும், கடைசி சீட் தங்கத்தாயைத் தவிர. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஷெட் வெடித்தபோது, புகைக்குள் ஓடிவந்து ஏறியவர்கள் "எடுங்க, எடுங்க" என்று அலற, இவர் இறங்கிப் பார்த்தார். பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி தங்கத்தாய் மயங்கிக் கிடந்தாள். அவள் கைப் புண்ணுக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டவள் நான்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியதும் இவர்கள் வாடகை பஸ்ஸில் டூர் போவார்கள். சோலைமலை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வெறும் தரையைப் பிரேக்காக மிதிப்பார். போன தடவை பாபநாசம் மலையில் வாடகை டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்ததில், பின் சக்கரம் ஓடைக்கு மேல் தொங்கியது. "இனி நீங்க ஓட்டுனாத்தான் வருவோம்" என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

வேன் லைசென்ஸை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது; ஹெவி வேண்டும். அதற்கு எட்டாவது பாஸ் வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இவர் ஐந்தாவதில் தீப்பெட்டி ஒட்டப் போனவர். தனித்தேர்வுக்குப் பணம் கட்டினார். காலண்டர் தாளின் பின்பக்கம் அறிவியல் விடைகளை எழுதி ஸ்டியரிங்குக்கு மேல் ஒட்டிக்கொண்டார்.

"அண்ணே, பள்ளிக்கூடத்துக்கு டவுசர் தச்சாச்சா?" என்றாள் முத்துப்பேச்சி.

"தச்சாச்சு தாயி. ஒனக்கும் ஒரு பாவாட எடுத்திருக்கேன், சேந்தே போவம்."

முதல் தடவை கணக்கில் போயிற்று. இரண்டாம் தடவை பாஸ். டாக்டர் சர்டிபிகேட்டுக்கு நானே கூட்டிப்போனேன். பிரஷர் கொஞ்சம் கூடியிருந்தது, ஊறுகாயை நிறுத்தினேன். எல்.எல்.ஆர். போட்டு, ஞாயிறுதோறும் டிரைவிங் ஸ்கூல் பஸ்ஸில் பழகினார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு டெஸ்ட். அன்றும் துணைக்குப் போனேன். டெஸ்ட் மைதானச் சுவரோரம் நின்ற எனக்கு எல்லாம் காதில் விழுந்தது.

நேராகவும் வளைத்தும் நன்றாகவே ஓட்டினார். "ரிவர்ஸ் எடுய்யா" என்றார் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர். இவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"யோவ், எங்க போற?"

"பின்னாடி பாத்துட்டு வாரேன் சார்."

"அதுக்குத்தான் கண்ணாடி வச்சிருக்கு. டெஸ்ட் நடுவுல சீட்ட விட்டு இறங்குனா ஃபெயில். போனாப் போகுது, ஏறி எடு."

நல்ல மனுஷர்தான், இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். சோலைமலை படியில் ஒரு காலை வைத்து எடுத்தார். பிறகு, "ஒருவாட்டி பாத்துட்டு ஏறிக்கிறேன் சார்" என்று பின்பக்கம் நடந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான் கிடைத்தது, டூரும் முடிந்துவிடும். திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினார்: "கண்ணாடியில தரை தெரியாதுல்ல நர்சம்மா."

மறுநாள் காலை வழக்கம்போல் பதினெட்டுத் தாள் விரித்திருந்தார். சேதி வேனுக்கு முன்பே மூன்று ஊருக்கும் போயிருந்தது. கடைசி ஊர் முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்ப வேண்டும். இறங்கினார். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார். முத்துப்பேச்சி வாயைத் திறக்கவில்லை. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "பொதையல் ஒண்ணும் இல்ல தாயி" என்று அவரே சொல்லிவிட்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டார்.